முதல் தேதி வரிசை

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க கையில காசு தங்க மாட்டேங்குது." சமீப காலத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் நான் திரும்பிய விசேஷ வீடே இல்லை. காரணமும் கூடவே வந்துவிடும்: ஃபோன், ஆப்பில் வரவழைக்கும் பிரியாணி, சனி ஞாயிறு பாண்டிச்சேரி.

இருபத்தைந்து வயதில் பிரியாணி சாப்பிடாமல் வேறு எப்போது சாப்பிடுவது என்பது தனி விவாதம். இப்போதைக்கு அந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஒத்துக்கொண்டு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். வாரம் ஒரு பிரியாணி, மாதம் இரண்டு படம், நாலு நண்பர்களோடு ஒரு நாள் ஊர் சுற்றல். எல்லாம் சேர்த்து மாதம் 2,500 ரூபாய் என்று வையுங்கள். அதை முழுக்க நிறுத்திவிட்டு, சாமியார் மாதிரி இருந்தால் வருடத்துக்கு 30,000 மிச்சம். சென்னையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கிற ஒரு லட்சம் அட்வான்ஸைச் சேர்க்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். ஆக இந்தக் குற்றச்சாட்டு பொய் இல்லை, ஆனால் ரொம்பச் சின்ன உண்மை. மீதி எங்கே போகிறது என்பதற்கு அது பதில் சொல்வதில்லை.

கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்தும், தெரிந்த பையன்கள், பெண்களிடம் கேட்டும் குறிப்பு எடுத்து வந்தேன். எனக்குப் புரிந்தது இதுதான். சேமிப்பு என்பது மன உறுதியைவிட வரிசையைப் பொறுத்தது. முதல் தேதி சம்பளம் வந்து விழும்போது அதை வாங்கிக்கொள்ள ஒரு வரிசை நிற்கிறது. அந்த வரிசையில் சேமிப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. நம் அப்பா அம்மா காலத்தில் அது முன்னால் நின்றது. அவர்கள் யாரும் அதை அங்கே நிறுத்தவில்லை, அதுவாகவே நின்றது. இன்று அது கடைசியில். கடைசியில் நிற்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது, ரேஷன் கடை வரிசை மாதிரி.

முதலில் சம்பளத்தைப் பார்த்துவிடலாம்.

2012 வாக்கில் சென்னையில் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கல்லூரியிலிருந்து நேராக எடுத்த பொறியாளருக்கு வருடத்துக்கு மூன்று, மூன்றேகால் லட்சம் கொடுத்தன. 2024-லும் அந்த வேலைக்குப் பரவலான தொகை மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். தனித் தேர்வு எழுதி ஏழு லட்சத்தில் நுழைகிறவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் சிலர்தான். இடைப்பட்ட காலத்தில் விலைவாசி என்ன ஆனது? அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் 2012-ஐ 100 என்று வைத்தால் 2024 டிசம்பரில் அது 195-ஐத் தாண்டியிருந்தது. விலைக்கு ஈடாக மட்டும் சம்பளம் ஏறியிருந்தாலே மூன்றேகால் லட்சம் இன்று 6.3 லட்சம் ஆகியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் இது கொஞ்சம் மேல்தட்டுக் கணக்கு. ஒரகடத்தில் டிப்ளமா முடித்து டிரெய்னியாக இருப்பவர், தனியார் மருத்துவமனை நர்ஸ், மெட்ரிக் பள்ளி டீச்சர் இவர்களில் பலருக்கு இதைவிடக் குறைவு.

மூன்றரை லட்சம் என்பதும் கைக்கு வரும் பணம் இல்லை. சி.டி.சி. என்ற அந்த எண்ணை மாதத்துக்கு வகுத்தால் 29,166. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800, கிராஜுவிட்டிக்கு ஏறத்தாழ 720, மருத்துவக் காப்பீட்டுக்கு ஏதோ ஒரு தொகை, வருடக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைக்கிற 'வேரியபிள்' எல்லாம் அந்த 29,166-க்குள்ளேதான் இருக்கிறது. பிறகு பணியாளர் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800, தொழில் வரி. கடைசியில் கைக்கு 22,500, 23,000. நிரந்தர வேலையில் கிராஜுவிட்டி கிடைக்கப் பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டு, மூன்று வருடத்தில் கம்பெனி மாறுகிறவருக்கு அந்த 720 காகிதத்தில் மட்டும் வந்த சம்பளம்.

"விலைவாசி உயர்வு 5 சதவீதம்தான், இதுக்கே இப்படியா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த 5 சதவீதம் யாருடைய கூடை என்று பார்க்க வேண்டும். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட குறியீட்டெண்ணில் வீட்டுக்குக் கொடுத்த எடை நாடு முழுக்க 10.07 சதவீதம், நகரத்துக்கு மட்டும் பார்த்தால் 21.67. உணவு, பானங்கள் எல்லாம் சேர்த்து 45.86. இது 2011-12 செலவுக் கணக்கெடுப்பை வைத்துக் கட்டிய சராசரிக் குடும்பத்தின் கூடை. அந்தச் சராசரியில் சொந்த வீட்டுக்காரரும் இருக்கிறார், பத்து வருடமாக ஒரே வீட்டில் பழைய வாடகையில் இருப்பவரும் இருக்கிறார். விருத்தாசலத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மேடவாக்கம் வந்து இறங்குகிறவருக்குப் பழைய வாடகை என்று ஒன்று கிடையாது. இன்றைய வாடகையைத்தான் கொடுத்தாக வேண்டும். சராசரிக்குத் தெரியாத விலை ஏற்றத்தில்தான் அவர் வாழ்கிறார்.

இப்போது வரிசைக்கு வருவோம். முதல் ஆள், வீட்டு உரிமையாளர்.

சென்னை அட்வான்ஸ் வெளியூர்க்காரர்களுக்கு இன்றும் அதிர்ச்சிதான். பத்து மாத வாடகை என்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதம் என்று இறங்கியிருக்கிறது. ஆனால் வாடகை ஏறியதால் தொகை குறையவில்லை. 18,000 வாடகைக்கு ஒரு லட்சம் கேட்பது சாதாரணம். மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு 33,000. முதல் சம்பளமே இன்னும் வராத ஒருவரிடம், ஒன்றரை மாதச் சம்பளத்தை முன்னால் வை என்று கேட்கிறோம். அவர் எங்கே போவார்? அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும், இல்லையென்றால் தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு. ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். 33,000-க்கு மாதம் 660 வட்டி மட்டும். வீட்டுக்காரர் அதே பணத்தை வங்கியில் போட்டால் அவருக்கு வட்டி வரும், திருப்பித் தரும்போது அதைச் சேர்த்துத் தரப்போவதில்லை. குடியிருப்பவர் வட்டி கட்டி, உரிமையாளருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறார். கடன் கொடுப்பவர்தான் கெஞ்ச வேண்டும் என்பது இதில் கூடுதல் விசேஷம்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர் உரிமைகளுக்கான 2017-ஆம் வருடச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டப்படி கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே, இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. வீடு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தரப்பு கேட்கிற இடத்தில் 'ஒப்பந்தம்' எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான் விசாரித்தவர்களில் அதைச் செய்தவர் ஒருவர்கூட இல்லை. பதினோரு மாத அக்ரிமெண்ட், ஒரு ஜெராக்ஸ், முடிந்தது.

காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இன்னொரு வழக்கம். மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6,000. ஆபீஸ் மாறினால் வீடும் மாறும் வயது இது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த 6,000 போகும், புது வீட்டின் அட்வான்ஸ் பழையதைவிடக் கூடுதலாக இருக்கும். புது வீட்டுக்குப் பணம் கட்டியாக வேண்டிய தேதியும் பழைய அட்வான்ஸ் திரும்பி வரும் தேதியும் ஒன்றாக அமைந்து நான் பார்த்ததில்லை. இடையில் உள்ள அந்த மூன்று வாரத்துக்கு மறுபடியும் ரெண்டு வட்டி.

பெண்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. வெள்ளை போர்டு பேருந்தில் 2021-லிருந்து டிக்கெட் இல்லை, அது உண்மையான மிச்சம். ஆனால் தூரமான, மலிவான அறையை அவர்கள் எடுக்க முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து நடந்து வரும் தெருவுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் வாடகை கொடுக்கிறார்கள். அரசின் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் வந்திருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேலைக்கு வருகிற கூட்டத்துக்கு முன்னால் அந்தப் படுக்கைகளின் எண்ணிக்கை சின்னது.

வரிசையில் இரண்டாவது ஆள், கல்விக் கடன். நாலு லட்சம் வரை பிணை இல்லாமல் கிடைக்கும் என்பதால் பொறியியல், நர்சிங் படிக்கிற பல வீடுகளில் அந்தத் தொகைதான் எழுதப்படும். படிக்கும் நான்கு வருடமும், முடிந்த பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். நிறையப் பேர் இதை 'அதுவரைக்கும் வட்டி இல்ல' என்று புரிந்துகொள்கிறார்கள். வட்டி உண்டு. வருடத்துக்கு ஒரு லட்சமாக நான்கு முறை வாங்கி, 10 சதவீதம் தனிவட்டி என்று வைத்தால், ஐந்தாவது வருட முடிவில் வட்டி மட்டும் 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். நாலு லட்சம் 5.4 லட்சமாகித்தான் முதல் தவணை தொடங்குகிறது. ஏழு வருடத்தில் அடைக்க வேண்டும் என்றால் மாதம் ஏறத்தாழ 9,000. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது. ஆனால் கல்லூரிக்கோ படிப்புக்கோ உரிய அங்கீகாரம் இல்லையென்றால் கிடைக்காது. அந்த அங்கீகாரத்தைச் சேரும் முன் பார்த்துச் சேர்கிற வீடு எத்தனை?

மூன்றாவது ஆள் என்று சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது. வீடு. அதாவது ஊரில் இருக்கும் வீடு.

என் அத்தை மகன் ஒருவன், சோழிங்கநல்லூர் பக்கம் வேலை, மூன்று வருட அனுபவம். கைக்கு 27,500 வருகிறது. ஒரு நாள் உட்கார்ந்து அவன் மாதக் கணக்கை எழுதினோம். வாடகைப் பங்கு 6,000. கரண்ட், தண்ணீர், கேஸ், நெட் 1,200. கல்விக் கடன் 6,800. ஊருக்கு அனுப்புவது 5,000. சாப்பாடு 5,000. போக்குவரத்து 1,500. கூட்டினால் 25,500. மிச்சம் 2,000. அதில் ஃபோன் ரீசார்ஜ், துணி, முடி வெட்டு, காய்ச்சல் வந்தால் டாக்டர், அப்புறம் மொய். ஆவணி, தை மாதங்களில் மொய் மட்டும் அந்த 2,000-ஐத் தின்றுவிடும் என்றான்.

ஊருக்கு அனுப்பும் 5,000 எதற்கு என்று கேட்டேன். பாதி, அவன் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஹாஸ்டல் கட்டணத்துக்கு மாமா வாங்கிய கடனுக்கு. மீதி மாமாவுக்குச் சர்க்கரை மாத்திரையும் வீட்டுச் செலவும். மாமா லாரி ஓட்டியவர். பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. அவருடைய முதுமைக் காப்பீடு இவன்தான்.

கல்விக் கடனும் ஊருக்கு அனுப்புவதும் சேர்த்து 11,800, அவன் சம்பளத்தில் நூற்றுக்கு 43 பங்கு. இந்த 43 பங்கும் கடந்த காலத்துக்குப் போகிறது, அவன் ஏற்கெனவே படித்து முடித்த படிப்புக்கும் அவனை வளர்த்தவர்களுக்கும். இதை 'சேமிக்கத் தெரியாத பையன்' என்று எந்தக் கணக்கில் எழுதுவது? நான்கு வருடம் முன்கூட்டியே செலவழித்த சேமிப்பை இப்போது திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறான். பணம் சேருகிறது, அவன் பெயரில் சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு பங்கு வங்கியில் கடன் குறைவாகவும், ஒரு பங்கு மாமாவின் உடம்பாகவும், ஒரு பங்கு வீட்டு உரிமையாளரிடம் அட்வான்ஸாகவும் இருக்கிறது.

இணையத்தில் சேமிப்பு பற்றித் தேடினால் முதலில் வருவது 50-30-20 விதி. சம்பளத்தில் பாதி தேவைக்கு, 30 விருப்பத்துக்கு, 20 சேமிப்புக்கு. இதைப் பரப்பியது எலிசபெத் வாரனும் அவர் மகள் அமெலியா வாரன் டியாகியும் 2005-ல் அமெரிக்கக் குடும்பங்களுக்காக எழுதிய புத்தகம். நம் யூடியூப் ஆலோசகர்கள் அதை அப்படியே இறக்குமதி செய்துவிட்டார்கள். 27,500-இல் பாதி 13,750. வாடகை, கரண்ட், சாப்பாடு, போக்குவரத்து மட்டும் 13,700. விதிக்குள் அழகாக அடங்கிவிட்டான் பாருங்கள்! அப்புறம் கல்விக் கடனையும் ஊரையும் எங்கே வைப்பது? 'விருப்பம்' என்ற பெட்டியிலா? சுவாரசியம் என்னவென்றால், அந்த மூலப் புத்தகம் பழைய கடனை அடைப்பதையும் அந்த 20-க்குள்தான் சேர்க்கிறது. இறக்குமதியில் அந்த வரி விழுந்துவிட்டது. அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணத்துக்கு அந்தப் புத்தகத்தில் பெட்டி இல்லாததில் வியப்பில்லை. அது வேறு சமூகம்.

"அப்படின்னா எங்க காலத்துல மட்டும் எப்படி சேர்த்தோம்? எங்களுக்கும்தான் அப்பா அம்மா இருந்தாங்க" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையில் எனக்கு அதிக ஆர்வம் தந்த பகுதியும் இதுதான்.

அந்தக் கால சேமிப்பு முறைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். அரசு ஊழியரா, ஜி.பி.எஃப். சம்பளத்திலேயே பிடித்தம். எல்.ஐ.சி.யா, சம்பளப் பிடித்தத் திட்டத்தில் அலுவலகமே கட்டிவிடும். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், எல்லோரும் 'சொசைட்டி' என்று சொல்வது, அதுவும் பிடித்தம். சம்பளக் கவர் கைக்கு வரும்போது இதெல்லாம் போய்விட்டிருக்கும். அலுவலகம் இல்லாதவர்களுக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். தபால் நிலைய ஆர்.டி.க்கு ஒரு ஏஜெண்ட் அம்மா மாதம் தவறாமல் வீட்டு வாசலுக்கு வருவார். அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போவார். அவருக்குக் கமிஷன் உண்டு, அதனால் அவர் மறக்க மாட்டார். பள்ளியில் சஞ்சாயிகா. தெருவில் ஏலச்சீட்டு.

ஏலச்சீட்டை நிதி ஆலோசகர்கள் மட்டமாகப் பேசுவார்கள். தள்ளுபடி, கமிஷன் எல்லாம் கழித்தால் வருமானம் குறைவு, நடத்துபவர் ஓடிவிட்டால் போச்சு என்பார்கள். இரண்டும் உண்மை. பதிவு செய்த சீட்டில்கூட நடத்துபவரின் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை போகலாம். ஆனால் சீட்டுக்கு ஒரு குணம் இருந்தது. இந்த மாதம் கட்டவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா வந்து நிற்பார், அவர் வந்து நின்றதை எதிர்வீட்டு அக்கா பார்ப்பார். அந்த மானம்தான் வட்டி. எந்த ஆப்பும் அனுப்பாத நினைவூட்டல் அது.

இதில் பெரியவர்களின் ஒழுக்கத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் பட்ட கஷ்டம் குறைவும் இல்லை. பெண்களின் நகை அடகுக்கும் வீட்டுக்கும் நடந்த நடை அவர்களுக்கே தெரியும். ஆனால் அவர்கள் மாதா மாதம் 'சேமிக்கலாமா' என்று முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு முறை கையெழுத்துப் போட்டார்கள், அல்லது ஒரு முறை சீட்டில் சேர்ந்தார்கள். அதன்பின் சேமிக்காமல் இருப்பதற்குத்தான் முயற்சி தேவைப்பட்டது.

இன்று சோழிங்கநல்லூரில் மூன்று பேரோடு தங்கியிருப்பவனுக்குப் பக்கத்து வீட்டு அக்கா யார் என்றே தெரியாது. ஏஜெண்ட் அம்மா அடுக்குமாடி செக்யூரிட்டியைத் தாண்டி வர முடியாது. சேமிக்க வேண்டும் என்றால் அவனாகவே ஒவ்வொரு மாதமும் நினைத்து, மிச்சம் பார்த்து, மாற்ற வேண்டும். அதே சமயம் தானாகவே நடக்கும் ஏற்பாடு ஒழிந்துவிடவில்லை. அது கைமாறிவிட்டது. ஃபோன் தவணை ஆட்டோ டெபிட். சந்தாக்கள் ஆட்டோ பே. கல்விக் கடன், ஐந்தாம் தேதி கணக்கில் இல்லையென்றால் பவுன்ஸ் கட்டணம். அன்று சேமிப்புக்கு இருந்த பல்லும் நகமும் இன்று தவணைக்கு இருக்கிறது.

கடன் கிடைப்பதும் எளிது. 2024 தொடக்கத்தில் நாட்டில் புழக்கத்தில் இருந்த கிரெடிட் கார்டுகள் 10 கோடியைத் தொட்டன. நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்பது பல கார்டுகளில் சகஜம், வருடத்துக்கு 40-ஐத் தாண்டும். ஊரில் மூணு வட்டி வாங்குபவரைக் கந்துவட்டிக்காரர் என்கிறோம், 2003-ல் சட்டமே போட்டோம். இது மூன்றரை வட்டி, பிளாஸ்டிக்கில் பெயர் பொறித்து வருவதால் வேறு மாதிரித் தெரிகிறது. 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டி வந்தால் அசல் அசைவது கண்ணுக்கே தெரியாது. வட்டியில்லா இ.எம்.ஐ. என்பதிலும் பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடிதான் வட்டியின் இடத்தில் போகிறது, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. அடமானம் இல்லாத நுகர்வுக் கடன் கட்டுமீறி வளர்கிறது என்று ரிசர்வ் வங்கியே 2023 நவம்பரில் அவற்றுக்கான இடர் எடையை 100-லிருந்து 125 சதவீதமாக உயர்த்தியது. அதாவது இப்படிக் கடன் கொடுக்கும் வங்கி, கூடுதல் மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டும்.

நாட்டுக் கணக்கிலும் இதே சாயல்தான் தெரிகிறது. ரிசர்வ் வங்கிப் புள்ளிவிவரப்படி குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2020-21-ல் ஜி.டி.பி.யில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2022-23-ல் 5 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. முதல் எண் கொரோனா வருடம், கடைகள் மூடியிருந்ததால் செலவழிக்க வழியில்லாமல் சேர்ந்தது, அதைத் தள்ளிவிடலாம். இரண்டாவது எண்ணுக்குள் பாருங்கள். 2022-23-ல் குடும்பங்கள் வங்கி, காப்பீடு, பி.எஃப்., பங்கு என்று போட்டது ஜி.டி.பி.யில் ஏறத்தாழ 11 சதவீதம். வாங்கிய கடன் ஏறத்தாழ 5.8 சதவீதம். நிகரம் என்பது முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தது. மக்கள் போடுவதை நிறுத்திவிடவில்லை, இன்னொரு கையால் வாங்குவது கூடிவிட்டது. வீடும் வண்டியும் வாங்கத்தான் கடன், அது சொத்துதானே என்று நிதி அமைச்சகம் அப்போது விளக்கியது. ஒரு பகுதிக்கு அது சரி. இது எல்லா வயதினருக்குமான கணக்கு, இளைஞர்களுக்கு மட்டும் பிரித்தது இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

கைப்பணத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். 2016-ல் தொடங்கிய யு.பி.ஐ.யில் 2025 ஆகஸ்ட் மாதம் மட்டும் 2,000 கோடிக்கு மேல் பரிவர்த்தனை நடந்தது. பர்ஸில் ஐந்நூறு ரூபாய்த் தாளை உடைக்கும்போது ஒரு சின்னத் தயக்கம் வருமே, டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது அது வருவதில்லை. ஆக பெரியவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது. அத்தை மகனின் ஸ்டேட்மெண்டில் ஒரே மாதத்தில் 15, 20, 40 என்று எழுபதுக்கு மேல் வரிகள் இருந்தன. கூட்டினால் 1,900. அவன் 700 இருக்கும் என்று நினைத்திருந்தான்.

தங்கம் இன்னொரு கதை. மாதம் ஆயிரம் நகைச் சீட்டு கட்டுவது இன்றும் தானாக நடக்கும் மிகச் சில சேமிப்புகளில் ஒன்று. ஒரு வருடத்தைத் தாண்டினால் சட்டப்படி அது டெபாசிட் ஆகிவிடும் என்பதால்தான் பதினோரு மாதத்தோடு முடிக்கிறார்கள். 2019 தொடக்கத்தில் சவரன் 25,000-ஐ ஒட்டி இருந்தது, பதினோரு மாதம் ஆயிரம் கட்டினால் அரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவாக வாங்கலாம், செய்கூலி தனி. 2025 ஏப்ரலில் சவரன் 70,000-ஐத் தாண்டியது. அதே 11,000-க்கு ஒன்றேகால் கிராம். தங்கம் வைத்திருந்தவருக்கு இது செல்வம். இனிமேல்தான் வாங்க வேண்டும், அதுவும் தங்கை கல்யாணத்துக்கு வாங்க வேண்டும் என்பவருக்கு, ஓடஓட எல்லைக்கோடு தள்ளிப் போகிறது.

சரி, என்ன செய்வது? வருமானமே போதாத இடத்தில் 'திட்டமிடு' என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாடகைச் சட்டத்தின் அந்த விதிவிலக்கை நீக்கினாலே, 18,000 வாடகை வீட்டில் ஆளுக்கு 15,000 போல உடனே மிஞ்சும். எந்த சேமிப்பு ஆலோசனையும் ஒரே நாளில் அவ்வளவு தராது. ஆனால் அதுவரை காத்திருக்க முடியாதவர்கள், தொகையைவிட வரிசையை மாற்றப் பார்க்கலாம். சம்பளம் முதல் தேதி வந்தால், ஆர்.டி. இரண்டாம் தேதி, தவணை ஐந்தாம் தேதி. 500 ரூபாய் என்றாலும் சரி, அது முன்னால் நிற்க வேண்டும். தபால் நிலைய ஐந்து வருட ஆர்.டி.க்கு 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம், பல பெரிய வங்கிகளின் சேமிப்புக் கணக்கில் 3 சதவீதம்கூட இல்லை.

அத்தை மகனிடம் பி.எஃப். எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றான். யு.ஏ.என். எண்ணைச் சம்பளச் சீட்டில் தேடி எடுத்து உள்ளே போய்ப் பார்த்தோம். மாதம் அவன் பங்கு 1,800. கம்பெனி பங்கு 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய், மீதி 550 இங்கே. ஆக மாதம் 2,350. மூன்று வருடத்தில் வட்டியோடு 95,000 ரூபாய் சேர்ந்திருந்தது. ஐந்து வருடம் தொடாமல் விட்டால், 8.25 சதவீத வட்டியில், ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கும்.

அவன் வாழ்க்கையில் சேர்ந்த ஒரே பெரிய தொகை, அவனைக் கேட்காமலே, அவன் பார்க்கும் முன்னாலேயே எடுக்கப்பட்ட பணம்தான். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "வேலை மாறும்போது இதை எடுத்துட்டா கல்விக் கடன்ல ஒரு பங்கு அடைச்சிடலாம்ல மாமா?" என்றான். 10 சதவீதக் கடனை 8.25 சதவீதச் சேமிப்பால் அடைப்பது, வட்டிக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், சரிதான். ஆனால் அதற்கப்புறம் மாதா மாதம் மிஞ்சுகிற தவணைப் பணம் எங்கே போய் நிற்கும் என்று திருப்பிக் கேட்டேன். இருவரும் அந்த எழுபது வரி ஸ்டேட்மெண்டை மறுபடியும் திறந்தோம்.